மிளகுக் கறிக்கு எந்த ரெட் ஒயின்: போர்தோவா, ரோனா, நந்தி மலையா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ரெட் ஒயின் பழகுகிறவர்கள் முதலில் தேடுவது பிரான்சின் போர்தோவைத்தான். 1855-இல் போட்ட ஒயின் தரவரிசையை இன்றும் பெருமையோடு லேபிளில் அச்சடிக்கிற ஊர் அது. பெயருக்குக் குறைவே இல்லை. ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலைக்குத்தான்.

இங்கே பேசுவது டிரை ரெட் பிளெண்ட் பற்றி. திராட்சையின் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடும். துவர்ப்பும் புளிப்பும்தான் மிஞ்சும். பல ரகங்களைக் கலப்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு காரணம் உண்டு.

போர்தோவில் காரணம் வானிலை. அட்லாண்டிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் மழையை நம்ப முடியாது. மெர்லோ முந்திப் பழுக்கும், கேபர்னே சாவிஞ்ஞோன் பிந்திப் பழுக்கும். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும். ஆற்றின் இடக்கரையில் மெதோக் பகுதியின் சரளை மண் தண்ணீரை வடித்து, சூட்டைப் பிடித்து வைக்கும். அங்கே கேபர்னேவுக்கு மவுசு. வலக்கரையில் பொமெரோல், சாந்தெமிலியோன் பக்கம் களியும் சுண்ணாம்பும் கலந்த மண்; அங்கே மெர்லோ ராஜ்ஜியம். இடக்கரையின் இளம் ஒயின் ஈறு இறுகும் அளவுக்குத் துவர்க்கும். உப்பு மட்டும் போட்டுச் சுட்ட கொழுப்புக் கறிக்கு அது அபாரம். வரமிளகாய் அரைத்து ஊற்றிய நாட்டுக்கோழிக் குழம்பும் ராகிக் களியும் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் துவர்ப்பு முரடாகிவிடும், எரிச்சலும் கூடும். போர்தோதான் வேண்டுமென்றால் வலக்கரையை எடுங்கள்.

பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான தெற்கு ரோன் இன்னும் இணக்கமானது. கிரனாஷ், சிரா, மூர்வெத்ர் ஆகிய மூன்று ரகங்களும் அங்கே முக்கியம். வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று கொடியை உலர்த்திப் பூஞ்சையை அண்டவிடாது. பழம் நன்றாக முற்றும், துவர்ப்பு மென்மையாக இருக்கும். குறை ஒன்றுதான்: அங்குள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் போன்ற ஒயின்களில் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். ஆல்கஹால் ஏற ஏற மிளகாய்க் காரமும் ஏறும்.

நந்தி மலை ஏறக்குறைய நம் ஓசூர் போலத்தான். தோட்டங்கள் இருப்பது 900 மீட்டர் வாக்கில். ஓசூரில் ரோஜாவுக்கு ஒத்துவரும் அதே இரவுக் குளிர்ச்சி திராட்சையின் புளிப்பைக் காக்கிறது. பிரான்சில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். இங்கே உறக்கம் கிடையாது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, மழை ஓய்ந்த பிறகு பழுக்க வைத்து, கோடை முற்றுமுன் அறுக்கிறார்கள். 1988-இல் அங்கே தொடங்கிய குரோவர் ஒயின் நிறுவனத்துக்கு 1990-களில் ஆலோசகராக வந்த பிரெஞ்சு ஒயின் நிபுணர் மிஷெல் ரோலான், பொமெரோல் மண்ணில் வளர்ந்தவர். குரோவரின் லா ரிசர்வ் என்ற ஒயின் கேபர்னேவும் ஷிராஸும் (ரோனில் சொன்ன சிராவேதான்) சேர்ந்த கலவை. கேபர்னே சரியாகப் பழுக்காவிட்டால் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனை இந்த ஒயினில் சில வருடங்களில் லேசாக எட்டிப் பார்க்கும். அதை நான் குறையாகவே சொல்வேன். ஷிராஸ்தான் தூக்கி நிறுத்துகிறது. மிளகின் வாசனைக்குக் காரணமான ரொட்டன்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் உண்டு. மிளகு தூக்கலாகப் போட்டு, தண்ணீர் சுண்டிச் சுருள வதக்கிய ஆட்டுக்கறி வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. இறக்குமதி வரியும் இல்லாததால் அதே காசுக்கு நல்ல பாட்டில் கிடைக்கிறது. பெங்களூரில் வாங்குவதானால், எல்லை தாண்டிக் கொண்டுவர மதுவிலக்கு விதிகள் குறுக்கே வரும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் குடிக்குமுன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியவர்களின் அறை 16–18 டிகிரி. தர்மபுரி வெயிலில் கிடந்த பாட்டிலைத் திறந்தால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். மிச்சத்தை கார்க் போட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.