பொட்டா, ஹோல் சென்சரா, ஏஎஸ்5600ஆ? வீட்டில் செய்யும் த்ரொட்டிலுக்கு ஓர் ஒப்பீடு

பலாலியில் இறங்கும் விமானத்தைச் சிமுலேற்றரில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஏரிஆர் 72 தான் இயல்பான தெரிவு. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு சென்னையிலிருந்து அங்கே வந்துபோவது அந்த ரகம்தான். அதன் நடுப்பீடத்தில் எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவர் இரண்டு, எரிபொருளையும் புரொப்பெல்லரையும் ஆளும் கொண்டிஷன் லீவர் இரண்டு என நான்கு இருக்கும். விசைப்பலகையில் எஃப்2, எஃப்3 தட்டித் தட்டி வலுவைக் குறைத்துக் கூட்டி ஓடுபாதைக்கு வருவது அலுப்பான வேலை. கையில் லீவர் இருந்தால் அரைப் பாகை தள்ளி வேகத்தைச் சரிசெய்யலாம்.

ஒட்டுப்பலகை, பேர்ஸ்பெக்ஸ், போல்ற்று எல்லாம் யார் செய்தாலும் ஒன்றுதான். லீவர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சரில்தான் விஷயம் இருக்கிறது. நீண்ட நாள் உழைக்க வேண்டிய பவர் லீவருக்கு, அதுவும் உப்புக் காற்றுப் படும் யாழ்ப்பாண வீட்டில், காந்தப்புலத்தை அளக்கும் எஸ்எஸ்49ஈ என்ற ஹோல் சென்சரே சரி. காரணங்களைப் பார்ப்போம்.

பொட்

பொட் என்பது பொட்டென்சியோமீற்றர், திருகினால் மின்தடை மாறும் குமிழ். வானொலி திருத்தும் கடையிலும் கிடைக்கும்; மூன்று கால், மூன்று வயர். ஓரக் கால்கள் இரண்டும் 5 வோல்ற்றுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால், வாசிப்பைக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ வகைப் போர்டின் ஏ0 என்ற அனலொக் பின்னுக்கு. 10 கிலோஓம், நேர்கோட்டு வகை வேண்டும்; இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ‘பி10கே’ என்று குத்தியிருக்கும். ‘ஏ10கே’ ஒலியளவுக்கானது. அதைப் பூட்டினால் லீவரின் முதல் பாதியில் எஞ்சின் அசையாது, பிறகு திடீரெனப் பாயும். 100 கிலோஓம் எடுத்தாலும் வாசிப்பு ஆடும். புரோ மைக்ரோ என்ற போர்டின் சிப், 10 கிலோஓமுக்கு மேற்படாத மூலத்துக்கென்று அமைக்கப்பட்டது.

பொட் ஏறத்தாழ 300 பாகை சுழலும், லீவரோ 70 பாகைதான் அசையும். போர்டு வோல்ற்றை 0 முதல் 1023 வரையான எண்ணாக வாசிக்கும். நேரே பூட்டினால் அந்த 1023 படிகளில் 239 மட்டுமே கிடைக்கும். பறப்பதற்கு 239 படி போதும். ஆனால் வாசிப்பு மூன்று படி மேலும் கீழும் ஆடினாலே அது 1.25 சதவீத வலு. ஏரிஆரில் எஞ்சினின் சுழல்விசையைக் காட்டும் ரோர்க் முள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். லீவர் பக்கம் 30 மி.மீ., பொட் பக்கம் 20 மி.மீ. நீளமான நெம்புகை பூட்டி, இரண்டையும் ஒரு தள்ளுகம்பியால் இணைத்தால் பொட் 118 பாகை வரை சுழலும், படிகள் 400ஐத் தொடும். அந்தங்களில் மட்டும் அசைவு கொஞ்சம் வேகமாகத் தெரியும்.

பெரிய குறை தேய்மானம். உள்ளே கரித்தடத்தின் மேல் ஓர் உலோக விரல் உரசிக்கொண்டே போகிறது. அடிக்கடி அசையும் பகுதி முதலில் தேயும். தூசியும் உப்பீரமும் அங்கே படியும். வாசிப்பைத் திரையில் ஓட விட்டால் 412, 413, 412, 1023, 414 என்று வரும். நடுவில் வந்த அந்த 1023, விரல் ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பியதால் வந்தது. தரையிறங்கும்போது அது நடந்தால் ஒரு பக்க எஞ்சின் முழு வலுவுக்குப் போய் விமானம் திரும்பிவிடும். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ‘104’ கப்பாசிற்றர் ஒன்று போட்டால் சிறு ஆட்டம் அடங்கும். விரல் எழும்புவதை அது திருத்தாது. எலெக்ற்ரோனிக் தொடுமுனைக்கான கிளீனர் அடித்தால் கொஞ்சக் காலம் ஓடும். துருப் பூட்டுக்கு அடிக்கும் எண்ணெயை மட்டும் அடிக்கக் கூடாது. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீளவாக்கில் நகரும் ஸ்லைடர் பொட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே திறந்த பிளவு இருப்பதால் தூசிக்கு அது வாசல். மாதிரி செய்து பார்க்க மட்டும் உதவும்.

ஹோல் சென்சர்

எஸ்எஸ்49ஈ மூன்று கால் உள்ள சிறு கறுப்புத் துண்டு. காந்தப்புலம் இல்லாதபோது 5 வோல்ற்றில் பாதியான 2.5 வோல்ற்று தரும். வட முனை, தென் முனைக்கு ஏற்ப மேலே கீழே போகும். எதுவும் எதோடும் உரசுவதில்லை. வயர் கால்களை ஒட்டி, மேலே கொஞ்சம் எபொக்சி பூசிவிட்டால் உப்புக் காற்றுக்கும் வேலையில்லை.

காந்தம் வைப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு காந்தத்தைச் சென்சருக்குக் கிட்டக் கொண்டுபோய் விலக்கும் முறை வேண்டாம். தூரம் மாறும்போது புலம் நேர்கோட்டில் மாறாது. கிட்ட வந்ததும் எகிறும். 8 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு நியோடிமியம் காந்தங்களை, ஒன்றின் வடமுனை மற்றதன் தென்முனையைப் பார்க்க, இடையே 10 மி.மீ. விட்டு ஒரு சிறு பிளாஸ்ரிக் கவட்டில் ஒட்டவேண்டும். அந்தக் கவடு லீவரோடு சுழலும். நடுவில் சென்சர் அசையாமல் நிற்கும். இப்படி வைத்தால் 70 பாகை அசைவுக்கு ஏறத்தாழ 1.4 வோல்ற்றிலிருந்து 3.6 வோல்ற்று வரை வரும், சுமார் 450 படி. இடைவெளியை 6 மி.மீ. ஆகக் குறைத்தால் கூடுதல் படி கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைக்காது. சென்சர் நிரம்பிவிடும், லீவரின் இரு அந்தத்திலும் சில பாகை செத்துப்போகும்.

லீவர் நடுவில் நிற்கும்போது வாசிப்பு 512க்குக் கிட்ட இருக்கும்படி சென்சரைத் திருப்பி ஒட்டுங்கள். நடு தவறினால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் நெரிந்தும் வரும். நடு சரியாக இருந்தால், இரு அந்தத்தையும் அளவெடுத்த பிறகு நேர்கோட்டிலிருந்து விலகல் ஒன்றேகால் சதவீதம்தான், கைக்குத் தெரியாது. கவட்டுக்குப் பக்கத்தில் பித்தளைத் திருகாணி போடுங்கள். இரும்பு ஆணி புலத்தை இழுக்கும். ஸ்பீக்கரையும் தள்ளி வையுங்கள்.

நியோடிமியம் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.1 சதவீதமளவு வலு இழக்கும். விடியற்காலைக்கும் சித்திரை வெயில் மத்தியானத்துக்கும் இடையே அது ஒரு சதவீதம் வரை வரலாம். ஆகவே அளவெடுத்த இரு அந்தங்களிலும் ஆறேழு படியை உள்ளே தள்ளி எல்லை வையுங்கள். இல்லாவிட்டால் மத்தியானம் பறக்கும்போது லீவர் முட்டி நின்றாலும் வலு முழு நூறைத் தொடாது.

ஏஎஸ்5600

காந்தம் எந்தக் கோணத்தில் திரும்பி நிற்கிறது என்று அளக்கும் சிப் இது. தாளில் பார்த்தால் இதுதான் முதலிடம்: ஒரு சுற்றுக்கு 4096 படி, 70 பாகைக்கு 796. புலத்தின் அளவை அல்ல, திசையைப் பார்ப்பதால் வெப்பம் பெரிதாகப் பாதிக்காது. ஒற்றை லீவர் செய்கிறவர் தயங்காமல் எடுக்கலாம்.

நான்கு லீவருக்கு இரண்டு தடை உண்டு. போர்டோடு இது பேசும் ஐ2சி என்ற இரு வயர் இணைப்பில் இதன் முகவரி மாற்ற முடியாத ஒன்று. ஒரே இரட்டை வயரில் இரண்டைக் கோத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். டிசிஏ9548ஏ என்ற பிரிப்பான் போர்டு தேவைப்படும், அல்லது அதன் ‘அவுட்’ காலிலிருந்து அனலொக்காக எடுக்கவேண்டும். மற்றது காந்தம். விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய 6 மி.மீ. வட்டு வேண்டும், அலுமாரிக் கதவுக் காந்தமும் சாதாரண வட்டுக் காந்தமும் தட்டை முகங்களில் முனை உள்ளவை. அதை வைத்தால் சென்சர் உயிரோடு இருக்கும், எண் மட்டும் அசையாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒரே மாதிரி இரண்டு வட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டி, மேலுள்ளதை விரலால் திருப்புங்கள். சாதாரண வட்டு திருப்பிய இடத்தில் நிற்கும். குறுக்கே ஏற்றியது விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பித் துள்ளும். சிப்புக்கும் காந்தத்துக்கும் இடையே 0.5 முதல் 3 மி.மீ. விடவேண்டும்.

போர்டு

ஆர்டுயினோ ஊனோ வேண்டாம், தானாக ஜோய்ஸ்ரிக்காகக் கணினிக்குத் தெரியாது. 32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோவோ லெனார்டோவோ நேரே தெரியும். ராஸ்பெரி பை பிக்கோ 12 பிற், அதாவது 4096 படி, வாசித்தாலும் வெளியே வந்துள்ள அனலொக் பின் மூன்றே. அதோடு அது 3.3 வோல்ற்று, சென்சருக்கும் 3.3 வோல்ற்றே கொடுக்கவேண்டும். 5 கொடுத்தால் சென்சர் திருப்பி அனுப்பும் வோல்ற்று பின்னைக் கெடுத்துவிடும்.

ஆட்டத்தை அடக்க, புதிய வாசிப்புக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசத்தை 8ஆல் பிரித்துப் பழையதோடு கூட்டுவார்கள். முழு எண்ணில் கணக்கிட்டால் வித்தியாசம் 8க்குக் குறைந்ததும் விடை சுழியம். லீவர் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த வலுவுக்கு, வந்தாலும் எண் ஏழு படி மேலே நின்றுவிடும். சென்சரைக் குறைசொல்லிக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். தசமத்தில் கணக்கிட்டால் தீரும்.

லீவரும் உராய்வும்

எந்தச் சென்சர் போட்டாலும் லீவர் கையில் எப்படி அசைகிறது என்பதே பறப்பின் சுகத்தைத் தீர்மானிக்கும். 6 மி.மீ. பேர்ஸ்பெக்ஸ், எம்8 நூல்கம்பி, இரு பக்கமும் நைலோன் நட்டு. பேர்ஸ்பெக்ஸைத் துளைக்கும்போது அடியில் பலகைத் துண்டு வைத்து மெதுவாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். லீவர்களை வாசர் மட்டும் வைத்து அடுக்கினால் ஒன்றைத் தள்ள அடுத்ததும் கூட வரும். ஒவ்வொன்றுக்கும் இடையே, கீழ்ப்பலகையில் இறுக்கிய அசையாத தகடு ஒன்று வேண்டும். அதில் கம்பளித் துணி ஒட்டுங்கள். சைக்கிள் ரியூப் றப்பர் ஒட்டாதீர்கள். முதலில் பிடித்துப் பிறகு துள்ளும், அரைப் பாகை அசைவு கைக்கு வராது.

நான்கும் ஒரே கம்பியில் இருப்பதால் நடு லீவர்களின் அச்சில் சென்சர் வைக்க இடமில்லை. பின்னால் தனித் தண்டு வைத்து, சைக்கிள் சில்லுக் கம்பியால் தள்ளுங்கள். அது இரும்பு, காந்தக் கவட்டிலிருந்து மூன்று சென்ரிமீற்றராவது விலகிப் போகட்டும்.

கொண்டிஷன் லீவருக்கு மேலே சொன்ன மூன்றுமே தேவையில்லை. அதற்கு நான்கு நிலைதான்: எரிபொருள் நிறுத்தம், ஃபெதர் (புரொப்பெல்லர் இதழைக் காற்றுக்கு விளிம்பு காட்டத் திருப்புவது), ஓட்டோ, 100 சதவீத ஓவர்றைட். அங்கே பொட் வைத்து விரல் எழும்பினால் பறக்கும்போதே எஞ்சின் நிற்கும். பக்கத் தகட்டில் நான்கு குழி, லீவரில் சைக்கிள் பின்சில்லுக் கால் அங்குலக் குண்டு ஒன்று, பின்னால் சிறு ஸ்பிரிங். ஒவ்வொரு குழிக்கும் ஒரு மைக்ரோ சுவிச்சு. எந்தச் சுவிச்சு அழுந்துகிறதோ அதற்கென்று வைத்த மாறாத எண்ணைப் போர்டில் ஓடும் நிரல் ஜோய்ஸ்ரிக் அச்சின் வாசிப்பாகக் கணினிக்கு அனுப்பட்டும். இரு குழிக்கு நடுவே எதுவும் அழுந்தாத நேரத்தில் கடைசி எண்ணையே பிடித்து வைக்கவேண்டும். இப்படிச் செய்தால் அனலொக் பின் இரண்டே போதும், பிக்கோவிலும் வேலை நடக்கும்.