கார் பேசும்போது டிரைவரை எப்படி மறைக்கிறது: அஞ்சு வழி இருக்கு, எது தேறும்?

கார் காரோட பேசுற டெக்னாலஜின்னாலே எல்லாரும் விபத்து குறையும்னுதான் ஆரம்பிப்பாங்க. அது சரிதான். ஆனா அந்தப் பேச்சு எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாருங்க: 5.9 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல ஒவ்வொரு காரும் செகண்டுக்கு 10 தடவை வரைக்கும், நான் இங்க இருக்கேன், இந்த ஸ்பீடுல போறேன், இந்தப் பக்கம் திரும்புறேன், பிரேக் போட்டிருக்கேன், என் நீளம் அகலம் இவ்வளவுன்னு சத்தமா சொல்லிக்கிட்டே போகும். அமெரிக்காவுல இதுக்குப் பேரு பேசிக் சேஃப்டி மெசேஜ், ஐரோப்பாவுல கேம் (CAM). இதை என்கிரிப்ட் பண்ண முடியாது, ஏன்னா முன்னபின்ன தெரியாத வண்டி அதை உடனே படிச்சு பிரேக் போட்டாகணும். அப்போ கேட்க நினைக்குற யாரு வேணா கேட்கலாம்.

சரி, பேரு போடாம அனுப்பிட்டா என்னன்னு கேட்டா, எவனோ ஒருத்தன் லேப்டாப்பை வச்சுக்கிட்டு முன்னாடி வண்டி நிக்குதுன்னு பொய் மெசேஜ் விட்டா ஹைவேல நூறு வண்டி பிரேக் போடும். அதனால ஒவ்வொரு மெசேஜுக்கும் டிஜிட்டல் கையெழுத்து வேணும், அந்தக் கையெழுத்து நிஜமான வண்டியோடதுதான்னு ஒரு ஆபீஸ் கொடுக்கிற சர்டிபிகேட் வேணும், சர்டிபிகேட் மாறாம ஒண்ணே இருந்துச்சுன்னா அதுதான் ரேடியோவுல பறக்குற நம்பர் பிளேட். அனுப்புறது நிஜமான வண்டின்னு நம்பணும், ஆனா எந்த வண்டின்னு தெரியக்கூடாது, மொத்தச் சிக்கலும் இங்கதான்.

நம்பர் பிளேட்டுதான் ஏற்கனவே ஊருக்கே தெரியுதே, இதுல புதுசா என்ன இருக்குன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். பிளேட்டைப் படிக்க கேமரா வேணும், நேர்ப்பார்வை வேணும், வெளிச்சம் வேணும். ரேடியோவுக்கு இது எதுவும் வேண்டாம், சில நூறு மீட்டர் தள்ளி ஒரு ஆன்டெனாவை ஒளிச்சு வச்சா போதும், மெசேஜ் தானா வந்து விழும், அதுவும் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரியே. 2015ல நெதர்லாந்துல ட்வென்டே யுனிவர்சிட்டி வளாகத்துல ஆய்வாளர் ஜொனாதன் பெட்டிட் குழு இதை செஞ்சே காட்டினாங்க, ரெண்டே ரெண்டு ஒட்டுக்கேட்கிற ஸ்டேஷன் வச்சு ஒரு வண்டி வளாகத்துல எந்தப் பகுதியில இருக்குன்னு பெரும்பாலான நேரம் கணிக்க முடிஞ்சுச்சு.

ஒப்பிடறதுக்கு முன்னாடி என் அளவுகோலைச் சொல்லிடறேன். யாருகிட்ட இருந்து மறைக்கிறோம்? ரோட்டோரமா ஆன்டெனா வச்சவன் ஒரு ரகம். சர்டிபிகேட் கொடுக்குற ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவன் இன்னொரு ரகம். ஆராய்ச்சிக் கட்டுரைங்க நிறைய முதல் ஆளைப் பத்தியே கவலைப்படுது, எனக்கு ரெண்டாவது ஆளைப் பார்த்தாத்தான் பயம், ஏன்னா ஆன்டெனா வச்சவன் நாலு ஜங்ஷனைத்தான் பார்ப்பான், ஆபீஸ்காரனுக்கு நாடு முழுக்க உள்ள வண்டி தெரியும், நாளைக்கு ஆட்சி மாறினா, கம்பெனி கை மாறினா அந்த லிஸ்டும் கூடவே கை மாறும்.

முதல்ல அமெரிக்க முறை, எஸ்சிஎம்எஸ், அதாவது வண்டிகளுக்கு சர்டிபிகேட் கொடுத்து நிர்வகிக்கிற சிஸ்டம். கார் கம்பெனிங்க சேர்ந்து நடத்துற கேம்ப் அமைப்பு வடிவமைச்சது. வண்டிக்கு ஒரே சர்டிபிகேட் கிடையாது, வாரத்துக்கு 20 புனைபேர் சர்டிபிகேட், மூணு வருஷத்துக்கு மொத்தமா வாங்கி வச்சுக்கலாம், அதாவது மூவாயிரத்துக்கு மேல. சுமாரா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டி பேரை மாத்திக்கும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஆபீஸைத் துண்டு துண்டா பிரிச்சது. விண்ணப்பம் வாங்குற இடத்துக்கு எந்த வண்டி கேட்குதுன்னு தெரியும், ஆனா கடைசியில கிடைச்ச சர்டிபிகேட்ல என்ன இருக்குன்னு பார்க்க முடியாது, பல வண்டிகளோட கோரிக்கையைக் கலக்கித்தான் அடுத்த இடத்துக்கு அனுப்பும். அச்சடிக்கிற இடத்துக்கு சர்டிபிகேட் தெரியும், அது எந்த வண்டிக்குப் போகுதுன்னு தெரியாது. இது போதாதுன்னு ஒரே வண்டியோட சர்டிபிகேட்டுகளை இணைக்கிற ரகசியத்தை ரெண்டு தனி அமைப்புகிட்ட பாதி பாதியா பிரிச்சு வச்சிருக்காங்க. உள்ள இருக்கிற ஒருத்தன் தனியா நினைச்சா ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு மூணு ஆபீஸ் கூட்டுச் சேர்ந்தாதான் திருட்டு நடக்கும்.

இதோட பலவீனம் அந்த 20தான். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுற ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 தடவை பேரு மாறும், வாரத்துக்கு 84, கையில இருக்கிறதோ 20, அப்போ ஒவ்வொரு பேரும் வாரத்துல நாலு தடவை திரும்ப வரும். திங்கக்கிழமை காலையில கேட்ட பேரு புதன்கிழமை சாயங்காலம் இன்னொரு இடத்துல கேட்டா, ஒட்டுக்கேட்கிறவன் ரெண்டையும் கோர்த்துடுவான். சரி, அப்போ 2000 கொடுத்துட வேண்டியதுதானேன்னா, அங்க இன்னொரு ஆபத்து. ஒரே நேரத்துல செல்லுபடியாகுற சர்டிபிகேட் எத்தனை இருக்கோ, அந்த ஒரு வண்டி அத்தனை வண்டியா வேஷம் போடலாம். ஒரே ஆள் ரோட்ல டிராஃபிக் ஜாம் இருக்குற மாதிரி காட்டிடுவான்.

ரெண்டாவது, ஐரோப்பா. இதே கதையை அங்க வேற மாதிரி எழுதியிருக்காங்க, புனைபேர் சர்டிபிகேட்டுக்கு அங்க பேரு டிக்கெட். ஆபீஸ் ரெண்டே ரெண்டு, அடையாளம் சரிபார்க்கிறது ஒண்ணு, டிக்கெட் கொடுக்கிறது இன்னொண்ணு. டிக்கெட் கொடுக்கிறவனுக்கு வண்டி யாருதுன்னு தெரியாது, சரிபார்க்கிறவன்கிட்ட உண்மையான வண்டிதானான்னு மட்டும் கேட்டுக்குவான். ஒரே நேரத்துல 100 டிக்கெட் வரைக்கும் வச்சுக்கலாம், ஒரு டிக்கெட்டோட ஆயுசு அதிகபட்சம் ஒரு வாரம், மூணு மாசத்துக்கு மேல முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. ரெண்டு ஆபீஸும் கை கோர்த்தா கதை முடிஞ்சது, அந்த விதத்துல அமெரிக்கச் சுவரைவிட இது மெல்லிசு. ஆனா ரோட்டோர ஆளுக்கு எதிரா 100ங்கிறது நிஜமாவே நல்ல எண்ணிக்கை.

எப்போ மாத்தணும்ங்கிறதுல ஐரோப்பிய கார் கம்பெனிங்க கூட்டமைப்பு புத்திசாலித்தனமா யோசிச்சிருக்கு. கிளம்பும்போது ஒரு பேரு, 800ல இருந்து 1500 மீட்டருக்குள்ள ஏதோ ஒரு இடத்துல அடுத்த பேரு, அப்புறம் போகப் போக மாத்திக்கிட்டே போறது. நோக்கம் என்னன்னா பயணத்தோட தொடக்கமும் முடிவும் ஒரே பேர்ல மாட்டக்கூடாது. இதுதான் முக்கியமே. நடுவுல ஹைவேல நான் எந்த லேன்ல போனேன்னு தெரிஞ்சு ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை, வீடு எது வேலை பார்க்குற இடம் எதுன்னு ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா ஆளே தெரிஞ்ச மாதிரி. 2013ல வந்த ஒரு ஆய்வுல 15 லட்சம் பேரோட மொபைல் டேட்டாவை எடுத்துப் பார்த்தாங்க, இடமும் நேரமும் சேர்ந்த வெறும் நாலு புள்ளி போதும், 95 சதவீதம் பேரைத் தனியா பிரிச்சு எடுத்துடலாம்னு வந்துச்சு. பேரே இல்லாத டேட்டாவுல!

தப்பு பண்ற வண்டியைத் தூக்குற விஷயத்துல ரெண்டும் நேர் எதிர். அமெரிக்க முறையில கெட்டுப்போன வண்டியோட விதை எண்ணை எல்லாருக்கும் லிஸ்ட் போட்டு அனுப்புவாங்க, அதை வச்சு அந்த வண்டியோட எல்லா புனைபேரையும் அன்னைல இருந்து யாரு வேணா கண்டுபிடிக்கலாம். அந்த நாளுக்கு முந்தின பயணங்களைத் தோண்ட முடியாதபடி கணக்கு பண்ணியிருக்காங்க, அது நல்ல வேலை. ஆனா சென்சார் பழுதாகி தப்பு மெசேஜ் அனுப்பின அப்பாவி வண்டியும் இந்த லிஸ்ட்ல வந்தா, அதோட பிரைவசி அன்னையோட போச்சு. ஐரோப்பாவுல இந்த டிக்கெட்டுகளுக்கு லிஸ்டே கிடையாது, புது டிக்கெட் கொடுக்க மாட்டாங்க அவ்வளவுதான், கையில இருக்குறது தீர்ற வரைக்கும் அது பேசிக்கிட்டே இருக்கும், மூணு மாசம் வரைக்கும்கூட. பிரைவசிக்கு இது நல்லது, பாதுகாப்புக்கு கொஞ்சம் இடிக்குது.

ரெண்டுக்குமே பொதுவா ஒரு ஓட்டை இருக்கு. ஆள் நடமாட்டமே இல்லாத தெருவுல நடந்து போறவன் சட்டையை மாத்திக்கிட்டா பார்த்துக்கிட்டு இருக்குறவன் ஏமாறுவானா? செகண்டுக்கு 10 தடவை இடத்தைச் சொல்ற வண்டி நடுவுல பேரை மட்டும் மாத்தினா, பழைய பேரு நின்ன இடத்துல இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி புதுப் பேரு முளைக்கும், அதே ஸ்பீடு, அதே திசை, அதே நீள அகலம். பேரை மட்டும் மாத்தினா பத்தாதுன்னு 2010லயே ஆய்வு போட்டு காட்டிட்டாங்க. இன்னும் கேவலமான ஓட்டை ஒண்ணு, மெசேஜ்ல கடந்து வந்த பாதைன்னு ஒரு பகுதி உண்டு, வண்டி சில நூறு மீட்டர் எப்படி வந்துச்சுன்னு புள்ளி புள்ளியா அதுல இருக்கும். பேரை மாத்திட்டு அந்தப் பாதையைத் துடைக்காம விட்டா, நான்தான் அவன்னு தானே எழுதிக் கொடுத்த மாதிரி. பேரு, தற்காலிக ஐடி, மெசேஜ் கவுன்ட்டர், நெட்வொர்க் அட்ரஸ் எல்லாம் அதே நொடியில சேர்ந்து மாறணும், ஒண்ணு விட்டுப்போனாலும் மத்ததை மாத்தி புண்ணியமில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மூணாவது வழி வந்துச்சு, வாயை மூடிக்கிறது. பேரு மாத்தும்போது கொஞ்ச நேரம் சைலண்ட் ஆயிடு, இல்லைன்னா நிறைய வண்டி கலக்குற ஜங்ஷன்ல மாத்து. 2009ல ஸ்லோன்னு ஒரு யோசனை வந்துச்சு, ஸ்பீடு மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழ போனா மெசேஜே அனுப்பாதே, அப்போ பேரை மாத்திக்கோ. சிக்னல்ல எப்படியும் எல்லாரும் மெதுவா வருவாங்க, கூட்டத்துல கலந்துடலாம், மெதுவா போகும்போது மோதினாலும் உயிர்ச்சேதம் குறைவுன்னு கணக்கு. கேட்க அழகா இருக்கு, ஆனா நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க அடிபடுறதே இந்த மாதிரி மெதுவா திரும்புற இடத்துலதானே? எதுக்காக இந்த சிஸ்டத்தையே கொண்டு வந்தாங்களோ அந்த இடத்துலேயே அது ஊமையாயிடும். 2007ல சுவிட்சர்லாந்து இபிஎஃப்எல் யுனிவர்சிட்டி ஆளுங்க இதுக்கு மாத்தா ஜங்ஷனுக்குள்ள மட்டும் எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரு சாவி கொடுத்து என்கிரிப்ட் பண்ணலாம்னாங்க, உள்ள இருக்குறவங்களுக்குக் கேட்கும், வெளிய இருக்குறவங்களுக்குக் கேட்காது. நல்ல யோசனைதான். ஒட்டுக்கேட்கிறவனே ஒரு காரை ஓட்டிக்கிட்டு உள்ள வந்தா அவனுக்கும் சாவி கிடைச்சுடும், அது வேற. பேரு மாத்துறப்போ ஒண்ணு ரெண்டு செகண்ட் சைலண்ட், ஆபத்து வந்தா உடனே சைலண்டை உடைச்சுப் பேசணும், இந்த அளவுக்குத்தான் நான் ஏத்துப்பேன்.

நாலாவது, குரூப் சிக்னேச்சர். கணிதக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லா வண்டியும் ஒரு குழு, யாரு கையெழுத்துப் போட்டாலும் குழுல ஒருத்தர் போட்டதுன்னு மட்டும்தான் தெரியும். சர்டிபிகேட் மூட்டை வேண்டாம், தீர்ந்துபோற கவலை இல்லை. ஆனா இப்போ ஓடுற சாதாரணக் கையெழுத்து 64 பைட், இது கிட்டத்தட்ட 200, சரிபார்க்கிற கணக்கும் ரொம்ப கனம். சுத்தி 100 வண்டி நின்னா செகண்டுக்கு 1000 கையெழுத்து சரிபார்க்கணும், மில்லிசெகண்ட் முக்கியமான இடத்துல இது சின்ன விஷயமில்லை. அதைவிட எனக்கு இடிக்கிறது வேற, வழக்கமான வடிவத்துல குழு மேலாளர்னு ஒருத்தர் இருப்பாரு, அவர் நினைச்சா எந்தக் கையெழுத்தையும் திறந்து ஆளைப் பார்த்துடலாம். ரோட்டோர ஆளை மடக்கிட்டு, ஆபீஸ்ல ஒருத்தர் கையில மாஸ்டர் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. அந்தச் சாவியைப் பல பேருக்குப் பிரிச்சுக் கொடுக்க வழி இருக்கு, ஆனா அங்க போனா எஸ்சிஎம்எஸ் மாதிரியே ஆபீஸ் கட்டணும், கூடவே கனமான கணக்கும். இடத்தை வச்சுப் பின்தொடர்றதை இதுவும் தடுக்காது, ஏன்னா இடம் மெசேஜுக்குள்ளயே இருக்கு.

இந்த நாலுல ஒண்ணை எடுன்னா நான் எடுக்குறது ஒரு கலப்படம்தான்: அமெரிக்காவோட பிரிச்சு வச்ச ஆபீஸ், ஐரோப்பாவோட 100 புனைபேர், கிளம்பின கொஞ்ச தூரத்துலேயே பேரு மாத்துற விதி, மாத்துறப்போ சின்ன சைலண்ட். 100 புனைபேர் கொடுத்தா ஒருத்தன் 100 போலி வண்டியா வருவானேன்னா, அந்த இடத்துல வண்டியே இல்லைன்னு ரேடாரும் கேமராவும் சொல்லிடும், ரேடியோவை மட்டும் நம்பி பிரேக் போடுற காரை நான் வாங்கவே மாட்டேன்.

இடையில ஒண்ணு, இதெல்லாம் பக்காவா பண்ணாலும் டயர் காட்டிக் கொடுக்கும். டயர் காத்தை அளக்கிற சென்சார் மாறாத ஐடியோட என்கிரிப்ஷன் இல்லாம பேசுது, 40 மீட்டர் தள்ளி இருந்தும் படிக்கலாம்னு 2010லயே காட்டிட்டாங்க.

அஞ்சாவது வழி, ரேடியோவே வேண்டாம், எல்லாம் மொபைல் நெட்வொர்க் வழியா கம்பெனி கிளவுடுக்குப் போகட்டும், அங்க இருந்து மத்த வண்டிக்குச் சொல்லிக்கலாம். ரோட்டோர ஆளுக்கு இங்க ஒண்ணுமே கேட்காது, என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதைச் சொல்லித்தான் இதைப் பாதுகாப்பானதுன்னு விக்கிறாங்க. என் அளவுகோல்ல இது கடைசி. எல்லாருடைய எல்லா பயணமும் ஒரே இடத்துல, வண்டி அடையாளத்தோட. 2024 டிசம்பர்ல வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் குரூப் விவகாரத்துல சாஃப்ட்வேர் கம்பெனி காரியாட்கிட்ட இருந்து சுமார் 8 லட்சம் எலக்ட்ரிக் வண்டியோட டேட்டா பாதுகாப்பில்லாம கிளவுட்ல கிடந்துச்சு, பல லட்சம் வண்டிக்கு துல்லியமான இடத்தோட. ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் ஒரு படி மேல, சில வண்டியில 3 செகண்டுக்கு ஒரு தடவை வரைக்கும் இடத்தைச் சேர்த்து, தெளிவான சம்மதம் இல்லாம வித்ததா அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசி குற்றம் சாட்டி, டிரைவர் டேட்டாவை கிரெடிட் மாதிரி ரிப்போர்ட் தயாரிக்கிற ஏஜென்சிகளுக்குக் கொடுக்க 5 வருஷத் தடைன்னு 2025 ஜனவரியில அறிவிச்சது. இங்க எவனும் ஆன்டெனா நடலை, கையெழுத்தை உடைக்கலை.

அமெரிக்காவுல எல்லா புது காருக்கும் ரேடியோ கட்டாயம்னு 2016 கடைசியில வந்த முன்மொழிவை 2023ல வாபஸ் வாங்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல மண்டையைக் குடைஞ்சு பிரைவசி கட்டின ரேடியோ வழி காத்திருக்க, யோசிக்காம கட்டின கிளவுட் வழி ஏற்கனவே வண்டிக்குள்ள சிம் கார்டா உட்கார்ந்திருக்கு. ரேடியோ இருக்கிற வண்டியிலயும் இந்த சிம் கூடவே இருக்கும், ஒரு பெட்டி சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பேரை மாத்திக்கிட்டே வரும், பக்கத்துப் பெட்டி மாறாத வண்டி நம்பரோட கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டே வரும். கார் வாங்கும்போது எந்த ரேடியோ, எத்தனை சர்டிபிகேட்னு கேட்குறதுக்கு முன்னாடி, இந்த ரெண்டாவது பெட்டி எதை அனுப்புது, எத்தனை நாள் வச்சிருப்பீங்க, நிறுத்தினா எது எதெல்லாம் வேலை செய்யாதுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.