மரச்சாமான் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன்: குன்னூரில் எங்களுக்கு நேர்ந்தது

மேல் குன்னூரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டைக் கடந்த ஆண்டு ஜனவரியில் எங்கள் பெயருக்குப் பதிவு செய்தோம். 22 ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்து, ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இரண்டு இரும்பு பீரோக்களையும் பழைய கட்டில்களையும் தூக்கிச் சுமந்தவர்கள் நாங்கள். புது வீட்டிலாவது நல்ல மரச்சாமான்கள் இருக்க வேண்டும், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கணவரும் நானும் பள்ளி ஆசிரியர்கள். விடுமுறை நாள்களில் கோயம்புத்தூருக்கு இறங்கிக் கடை கடையாக அலைய முடியாது என்பதால், தெரிந்தவர் ஒருவர் வழியாக ஓர் இன்டீரியர் ஆலோசகரை அமர்த்தினோம். இதே நிலையில் மலை ஊர்களில் வசிப்பவர்கள் யாரும் எங்களைப் போல் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அவர் கேட்ட கட்டணம் 15,000 ரூபாய். "கடைக்காரங்க உங்கள ஏமாத்தாம பாத்துக்கறதுதான் மேடம் என் வேலை" என்றார். எங்களிடம் எவ்வளவு வாங்குவார் என்று கேட்ட நாங்கள், கடையிடமிருந்து ஏதாவது வாங்குவாரா என்று கேட்கவில்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான்.

பிப்ரவரியில் எங்களை ஒரே ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். மற்ற கடைகளைத் தாமே பார்த்துக் கழித்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் "அசல் பர்மா தேக்கு" என்று 58,000 ரூபாய், இரண்டு அலமாரிகள் தண்ணீர் தாங்கும் "மரைன் பிளைவுட்" என்று 1,30,000 ரூபாய், சோபா 72,000 ரூபாய், கட்டில் 45,000 ரூபாய் என மொத்தம் 3,05,000 ரூபாய் ஆயிற்று. இரண்டு லட்சத்தை முன்பணமாக ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் பிறகு வரும் என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்தார்கள். அதில் "டேபிள் செட் 1, வார்ட்ரோப் 2, சோபா 1, கட்டில் 1" என்று எழுதியிருந்ததே தவிர, எது என்ன மரம், எந்த வகைப் பலகை என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. வாயால் சொன்ன தேக்கு சீட்டில் ஏறவில்லை என்பதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

நீலகிரி மலைக்குக் கீழே இறங்கினால் கேரளத்தின் நிலம்பூர் இருக்கிறது. 1840களிலிருந்து அங்கே தேக்கை நட்டு வளர்த்து வருகிறார்கள். இவ்வளவு அருகில் தேக்குக்குப் பேர்போன ஊர் இருக்கும்போது, "பர்மா" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மறுபேச்சில்லாமல் விலையை ஒப்புக்கொள்கிறோம். எங்களையும் அந்தச் சொல்தான் மயக்கியது.

மார்ச் மாதம் சாமான்கள் வந்தன. வீட்டின் படிக்கட்டையும் வாசலையும் ஆலோசகர் ஒருமுறைகூட அளக்கவில்லை. சோபா படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாமல் நின்று, கால்களைக் கழற்றி, சுவரில் உரசித் துணி கிழிந்து மேலே வந்தது. மலையேற்றும் கூலி என்று 6,000 ரூபாய் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சோபாவின் இருக்கை தரையிலிருந்து 14 அங்குலம்தான். அதில் உட்கார்ந்த அம்மாவை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்காகத்தான் வாங்குகிறோம் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஜூன் மாத மூடுபனியிலேயே அலமாரியின் இழுப்பறைகள் இறுகத் தொடங்கின. அக்டோபர் மழையில் வெளிச்சுவரை ஒட்டியிருந்த அலமாரியின் அடிப்பகுதி உப்பி, மேலே ஒட்டிய மைக்காத் தகட்டின் ஓரம் பிளந்துகொண்டது. உள்ளே தொட்டுப் பார்த்தபோது, தேநீரில் நனைத்த வர்க்கியைப் போல அந்தப் பலகை விரலோடு உதிர்ந்து வந்தது.

அருவங்காட்டிலிருந்து பழைய தச்சர் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் கதவின் கீல் திருகைக் கழற்றி, துளையிலிருந்து விழுந்த தூளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். "டீச்சர், பிளைவுட்னா ஓரத்துல அடுக்கடுக்கா தெரியணும். இது வெறும் தூளை ஒட்டின பார்ட்டிகிள் போர்டு" என்றார். பிறகு மேசையின் அடியில், பாலிஷ் படாத மூலையைப் பிளேடால் சுரண்டினார். மேலே இருந்த தேக்கு நிறம் தோலைப் போல உரிந்து, உள்ளே வெளிர்மஞ்சள் மரம் தெரிந்தது. தேக்கின் நிறம் உள்ளே வரை ஓடும், சுரண்டினால் எண்ணெய்ப் பசையோடு ஒரு வாசனை வரும் என்றார். ஒரு சிறு துண்டைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பினோம். ரப்பர் மரம் என்று எழுத்தில் பதில் வந்தது. முறையாக மருந்தேற்றிய ரப்பர் மரத்தை அந்தப் பெயரிலேயே, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேக்கு என்று சொல்லித் தேக்கின் விலையை வாங்கியதுதான் குற்றம்.

கடை உரிமையாளருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோதுதான் உண்மை வெளிவந்தது. "உங்க ஆளுக்குக் கொடுத்த கமிஷன் போகத்தான்மா நான் இந்த விலை போட்டேன், அவர்கிட்டயே கேளுங்க" என்றார். ஆலோசகரைக் கேட்டால், மலைக்காற்றுக்கு எந்த மரமும் ஊதத்தான் செய்யும் என்று பதில் சொன்னார்.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயில் காலத்தில் அதை விட்டுச் சுருங்கும். கீழே வறண்ட ஊரில் இழைத்துப் பொருத்திய இழுப்பறை மலைக்கு வந்ததும் இறுகுவது இயல்பு. ஆனால் பிளைவுட்டில் ஓர் அடுக்கின் இழை நெடுக்கிலும் அடுத்ததன் இழை குறுக்கிலும் ஓடுவதால் அவை ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. நம் ஊரில் அலமாரி செய்யக் கொடுப்பவர்கள், மைக்கா ஒட்டுவதற்கு முன்பே பலகையை நேரில் பார்த்து, அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், மரைன் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற தர எண்ணும் இருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 303 என்றிருந்தால் கொதிநீர் தாங்கும் வகையா, சாதாரண ஈரம் தாங்கும் வகையா என்று கேளுங்கள். இரண்டும் அந்த ஒரே எண்ணுக்குள் வருகின்றன. வெளிச்சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி விடுங்கள். அடிப்பலகை தரையைத் தொடக் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உப்பிய பலகையையும் துண்டுச் சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். கடையை மட்டுமல்லாமல், கட்டணம் வாங்கிச் சேவை செய்தவர் என்ற முறையில் ஆலோசகரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, இந்த ஆண்டு பிப்ரவரியில் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் போனதும், அதே வகை அலமாரியை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அலமாரிகள் இரண்டும் சாட்சிப் பொருளாகச் சுவரிலிருந்து தள்ளி நிற்கின்றன. துணிமணிகள் பழைய இரும்பு பீரோக்களுக்கே திரும்பிவிட்டன. அருவங்காட்டுத் தச்சரிடமே அம்மாவுக்கு ஒரு நாற்காலி செய்யச் சொன்னோம். அவர் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடித்து அளந்து, இருக்கை 19 அங்குலம், கைப்பிடி இவ்வளவு, மரம் வேங்கை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே விலை சொன்னார்.