ஃபிஃபா தரவரிசையா, எலோவா: ஓர் அணியின் பலத்தை எதை வைத்து எடைபோடுவது?

2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா வென்றது. அதையடுத்து வந்த ஃபிஃபா தரவரிசையில் முதலிடம் பிரேசிலுக்கு. காலிறுதியோடு வீடு திரும்பிய அணிக்கு! கூட்டல் கழித்தலில் பிழையில்லை, முறையே அப்படி.

2018 ஆகஸ்டிலிருந்து ஃபிஃபாவின் கணக்கு இதுதான்: கிடைத்த முடிவிலிருந்து எதிர்பார்த்த முடிவைக் (இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை வைத்துக் கணிக்கும், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்) கழித்து, ஆட்டத்தின் எடையால், அதாவது முக்கியத்துவத்துக்கான எண்ணால் பெருக்கி, பழைய புள்ளியோடு சேர்க்க வேண்டும். வெற்றிக்கு 1, சமனுக்கு 0.5. பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றால் 0.75தான், தோற்றவருக்கு 0.5. பெருந்தொடர்களின் நாக்அவுட் சுற்றில் தோற்றாலும் புள்ளி குறையாது. அர்ஜென்டினா லீக் சுற்றில் சவுதி அரேபியாவிடம் தோற்றது. நெதர்லாந்தையும் பிரான்ஸையும் ஷூட்அவுட்டில்தான் வென்றது. குரோஷியாவிடம் ஷூட்அவுட்டில் விழுந்த பிரேசிலுக்கோ ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

உலகக் கால்பந்து எலோ என்பது ஃபிஃபாவுக்கு வெளியே கணக்கிடப்படும் இன்னொரு புள்ளிப் பட்டியல். அதில் இந்தச் சலுகை கிடையாது. ஷூட்அவுட் என்றால் இரு தரப்புக்கும் சமன். ஒருவருக்குக் கூடும் புள்ளி இன்னொருவரிடமிருந்தே வரும். சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு 100 புள்ளி கூட்டி எதிர்பார்ப்பைக் கணக்கிடுவார்கள். கோல் வித்தியாசமும் உண்டு. ஃபிஃபாவின் ஆண்கள் பட்டியல் இந்த இரண்டையுமே பார்ப்பதில்லை. பெண்கள் பட்டியலில் மட்டும் இரண்டையும் அதே ஃபிஃபா சேர்ப்பது எனக்குப் புரியாத முரண்.

1800 புள்ளி அணி, 1500 புள்ளி அணியைச் சொந்த மைதானத்தில் நட்பு ஆட்டத்தில் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிஃபாவில் எதிர்பார்ப்பு 0.76, எடை 10. 1-0 என்றாலும் 5-0 என்றாலும் கிடைப்பது 2.4 புள்ளி. எலோவில் எதிர்பார்ப்பு 0.91, எடை 20. 1-0 வெற்றிக்கு 1.8, 5-0 வெற்றிக்கு 3.6. சமனில் முடிந்தால் ஃபிஃபாவில் 2.6 போகும், எலோவில் 8.2 போகும். சொந்த ரசிகர்கள் முன் சறுக்கியதற்கான சரியான தண்டனை அதுதான்.

2018-க்கு முந்தைய ஃபிஃபா முறை இன்னும் மோசம். அது ஆட்டங்களில் கிடைத்த புள்ளிகளின் சராசரியைப் பார்த்தது. நட்பு ஆட்டத்துக்கு எடை குறைவு என்பதால், வென்றாலும் சராசரி இறங்கக்கூடும். நட்பு ஆட்டங்களைக் குறைத்துக்கொண்ட போலந்து 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் (அணிகளைப் பிரிவுகளாகப் பிரிக்கும் சீட்டு) தரவரிசையில் முன்னணியில் உள்ளவர்களுக்கான முதல் தொகுப்பில் இடம்பிடித்தது, பிறகு தன் பிரிவில் கடைசியாக முடித்தது. 2014 உலகக் கோப்பையை நடத்தவிருந்த பிரேசில், தகுதிச்சுற்று இல்லாமல் நட்பு ஆட்டங்களை நம்பியிருந்ததால் 2013-இல் 22-ஆம் இடம் வரை சரிந்தது.

எலோவுக்கும் குறை உண்டு. எந்த ஊர் மைதானமானாலும் அதே 100 புள்ளிதான். மாற்று வீரர்களை இறக்கிய ஆட்டமும் முழு அணியின் ஆட்டமாகவே பதிவாகும். ஒரே கண்டத்து அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், வெளியே அவை எவ்வளவு தேறும் என்பது இரண்டு பட்டியலிலும் தாமதமாகத்தான் தெரியவரும்.

பலத்தை அறிய எலோவைப் பாருங்கள். அதிலும் இடத்தைவிடப் புள்ளி இடைவெளிதான் முக்கியம்: பட்டியலின் நடுவில் சில புள்ளிகளே பல இடங்களை மாற்றிவிடும். குலுக்கலில் ஓர் அணி எந்தத் தொகுப்பில் விழும் என்பதற்கு ஃபிஃபா பட்டியல்தான். ஆனால் குலுக்கல் விதியில் எந்த மாதப் பட்டியல் என்று குறித்திருக்கிறார்களோ அதை எடுங்கள். அதற்குப் பிறகு வென்ற ஆட்டம் அந்தக் குலுக்கலுக்கு உதவாது.