301 வழிமாற்றா, கனானிகல் குறியா?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் நண்பரின் இணையதளத்தில் ஒரே தேன் பட்டியல் மூன்று முகவரிகளில் கிடந்தது: பழையது, புதியது, விலை வரிசைப்படி ஒன்று. இதற்குக் கூகுள் தண்டிப்பதில்லை. ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால்தான் நடவடிக்கை. ஆனால் தேடலில் ஒன்றைத்தான் பொறுக்கிக் காட்டும். நண்பருக்கு வாய்த்தது பழைய பக்கம், அதுவும் போன வருட விலையோடு!

301 வழிமாற்று, கடையை இடம் மாற்றுவது போன்றது. பழைய முகவரிக்குப் போகிறவர் நேரே புதியதில் வந்து நிற்பார். பிற தளங்கள் தந்த இணைப்புகளின் மதிப்பும் கூடவே வரும். கனானிகல் குறியோ பக்கத்தின் நிரலில் எழுதும் ஒரே வரி: ‘இந்தப் பக்கத்தின் முதன்மை முகவரி இதுதான்’ என்று தேடுபொறிக்குச் சொல்லும். 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதை அறிவித்தன. வாசகரை இது எங்கும் நகர்த்தாது. ஆனால் இது கட்டளையன்று, பரிந்துரைதான். கூகுள் ஏற்காமலும் போகலாம்.

ஆகவே பழைய முகவரிக்கு என் தேர்வு 301, சந்தேகமே இல்லை. விலை வரிசைப் பக்கம் வேறு கதை: விலை பார்த்து வாங்குபவருக்கு அது வேண்டும், அதனால் கனானிகல். நண்பர் அதை ரோபாட்ஸ் கோப்பிலும் (தேடுபொறி எங்கே நுழையக் கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்து வைத்திருந்தார். தடுத்த பக்கத்துக்குள் கூகுள் நுழையாது. குறியை எப்படிப் படிக்கும்?