553ஆ 441ஆ 3303ஆ? சேலத்து ஃபவுண்டரியில சிலிக்கான் மெட்டல் போட்ட அனுபவம்

நமக்கு சூரமங்கலம் பக்கம் சின்ன அலுமினிய ஃபவுண்டரிங்க, ஜாப் ஒர்க் தான். அலுமினியத்தோட கலக்குறதுக்கு சிலிக்கான் மெட்டல் பல வருஷமா வாங்குறேன். சேலத்துல வெறுமனே சிலிக்கான்னு கேட்டா சிலபேரு ஸ்டீலுக்கு போடுற ஃபெரோ சிலிக்கான எடுத்து நீட்டுவாங்க, ஸ்டீல் பிளான்ட் இருக்குற ஊராச்சே, அதுல கால்வாசி இரும்பு, நமக்கு ஆகவே ஆகாது.

சிலிக்கான்ல கலப்படம் எவ்ளோன்னு சொல்ற கிரேடு நம்பர் படிக்கிறது ஈஸி. 553ன்னா இரும்பு 0.5, அலுமினியம் 0.5, கால்சியம் 0.3 சதவீதத்த தாண்டக்கூடாது. 441ல கால்சியம் 0.1, 3303ல இரும்பு 0.3, கால்சியம் 0.03 தான். எல்லாரும் இரும்ப பாத்து தான் பயப்படுறாங்க, கணக்கு போடுங்க, ஏ356ங்கிற அலுமினிய அலாய்க்கு பர்னஸ்ல போடுற 100 கிலோ சார்ஜுல 7 கிலோ சிலிக்கான், 553 போட்டா மிஞ்சிப்போனா 35 கிராம் இரும்பு ஏறும், 3303ல 21 கிராம், ஸ்கிராப்போட வர்ற ஒரு போல்ட்டு அந்த வித்தியாசத்த முழுங்கிடும்! ஆனா கால்சியம் 21 கிராம் எங்க 2 கிராம் எங்க. கால்சியம் ஏறுனா மெட்டல் சரியா ஓடாது, கேஸ் பிடிக்கும், காஸ்டிங் உள்ள பொடிப்பொடியா ஓட்டை. அதனால நான் கால்சியத்த சொல்ற கடைசி நம்பர தான் பாப்பேன். ஸ்கிராப் உருக்கி பண்ற ஏடிசி12 அலாய்க்கு 553 தாராளம், அதுல இரும்பே 1.3 வரைக்கும் விடுறாங்க. லீக் டெஸ்ட் இருக்குற ஐட்டத்துக்கு 441. 3303 நம்ம லெவலுக்கு தண்டச்செலவு.

411, 421 எல்லாம் சிலிக்கோன் (ரப்பர், சீலன்ட் மாதிரி) பண்ற கெமிக்கல் ஆளுங்க சமாச்சாரம். (மேட்டூர்லயே ஒரு காலத்துல மெட்கெம்னு ஒரு கம்பெனி சோலார், சிப்புக்கு போற சுத்தமான பாலிசிலிக்கான் பண்ணுச்சு, நம்ம பசங்க பாதி பேருக்கு தெரியாது.)

கிரேட விட என்ன படுத்துனது தூள் தாங்க. சிலிக்கான் உருகவே 1414 டிகிரி வேணும், நம்ம பர்னஸ் அதுல பாதி தான், சிலிக்கான் அலுமினியத்துல மெதுவா கரையுது, அவ்ளோதான். கட்டியா இருந்தா அமுக்கி விட்டா கரைஞ்சிடும், தூள் மேல மிதந்து காத்துல கருகி மேல படியுற கழிவு ட்ராஸோட வெளிய போயிடும், சர்டிபிகேட்ல சிலிக்கான் 98.5 சதவீதம்னு இருந்து என்ன பிரயோஜனம், மெட்டல்ல எது எவ்ளோன்னு சொல்ற ஸ்பெக்ட்ரோ மெஷின்ல பாத்தா சிலிக்கான் கம்மியா காட்டும். ஜம்போ பேக் அடியில எப்பவும் தூள் தங்கும், சலிச்சு தான் போடுறோம். மழைக்காலத்துல பர்னஸ் மூடி மேல காயவெச்சுட்டு போடுங்க, ஈரத்தோட போட்டா தெறிக்கும். பில்லுல கிரேடோட சைஸும் 10-100 எம்எம்னு எழுதி வாங்குங்க, தூள் எத்தன சதவீதம் வரைக்கும்னு முன்னாடியே பேசிட்டா வண்டி வந்தப்புறம் டீலரோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல.