கெமிக்கல் இன்ஜினியரிங் சீட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

மணலில் இருந்து கனிமம் பிரிக்கும் மணவாளக்குறிச்சி ஐ.ஆர்.இ. ஆலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என் மகள். போன வருடம் பிளஸ் டூ முடித்ததும் கெமிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கட்-ஆஃப் 200-க்கு 171. சென்னை ஏ.சி. டெக் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) எட்டாது என்று தெரியும். கவுன்சிலிங்கில் வேறு எங்காவது வரும் என்று இருந்தபோதுதான், மார்த்தாண்டத்தில் அட்மிஷன் ஆபீஸ் நடத்தும் ஒருவர் வீடு தேடி வந்தார்.

"அண்ணே, கவுன்சிலிங்க நம்பி இருந்தா பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிரும். இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நாக் ஏ பிளஸ்."

அந்த ஏ பிளஸ்ஸில்தான் விழுந்தோம். கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் அமைப்பு கொடுப்பது மொத்த நிறுவனத்துக்கான தரம். கெமிக்கல் துறை எப்படி என்று அது சொல்லாது. ஒவ்வொரு படிப்பையும் தனியாகப் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது என்.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது இருந்தது, கெமிக்கலுக்கு இல்லை. என்.பி.ஏ. இணையதளத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். 75,000 ரூபாய் முன்பணம், கூடவே அசல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் கொடுத்துவிட்டு, கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலே பதியாமல் விட்டோம்.

விடுதியில் விடப் போன அன்று யூனிட் ஆபரேஷன்ஸ் லேபைக் காட்டச் சொன்னேன். வடித்துப் பிரிப்பது, வெப்பம் மாற்றுவது போன்ற வேலைகளைக் கருவிகளில் செய்து பழகும் இடம்; கெமிக்கலுக்கு அதுதான் உயிர். டிஸ்டிலேஷன் கருவி பாலித்தீன் உறை பிரிக்காமல் நின்றது. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தண்ணீர்க் குழாயே இணைக்கவில்லை. மூன்றாம் வருடப் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "ரீடிங் எல்லாம் சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதிக்கிடுவோம், சார்."

பத்தாம் நாள் மகளைத் திரும்பக் கூட்டி வந்தேன். நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பி, யு.ஜி.சி.க்கும் புகார் போட்ட பிறகு டிசம்பரில் சான்றிதழ் வந்தது. பணம் இன்னும் வரவில்லை. அந்த அட்மிஷன் ஆபீஸ் ஆள் போனை எடுப்பதே இல்லை.

உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்தால் தயவுசெய்து அசலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். பணம் கட்டும் முன்பே நேரில் போய் லேபைத் திறக்கச் சொல்லுங்கள். "லீவு, பூட்டியிருக்கு" என்றால் இன்னொரு நாள் போங்கள்.

மகள் இந்த வருடக் கவுன்சிலிங்குக்குப் பதிந்திருக்கிறாள். கெமிக்கல்தான் வேண்டுமாம், இப்போதும்.